சார்லீன் உடைத்த கண்ணாடி

சார்லீன் பெர்கோவுக்கு மெதுவாகப் பேச வராது. பியூப்லோ நகரப் பேருந்தை முப்பது வருஷம் ஓட்டியவர். பின் இருக்கையில் தூங்கி வழிகிறவனையும் அவன் நிறுத்தத்தில் எழுப்பி இறக்கிவிட்டுப் பழகிய தொண்டை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அந்தக் குரலுக்கு ஓய்வு கிடைக்கவில்லை. காலையில் அவர் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபடி போனில் பேசினால், எதிர்வீட்டுச் சமையலறையில் நிற்கும் எனக்கு அவர் தங்கையின் முழங்கால் வலி இன்று கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

கல்யாணமாகிச் சில வருஷங்களிலேயே கணவர் கில், வீட்டிலிருந்த நல்ல காரை எடுத்துக்கொண்டு பீனிக்ஸ் பக்கம் போய்விட்டார். திரும்பவில்லை. இவருக்கு மிஞ்சியது கராஜில் கிடந்த ஓடாத கார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்குகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு, அவர்கள் கையைக் கவனித்து, கேள்வி கேட்டு அவர்கள் உயிரை வாங்கி, அந்தக் காரை ஒரு குளிர்காலம் முழுக்கப் பிரித்து மாட்டி ஓட வைத்தார். "ஓடற காரை விட்டுட்டுப் போயிருந்தா நான் என்னத்தக் கத்துக்கிட்டிருப்பேன்?" என்பார். அதில் வருத்தம் இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவர் வீட்டை ஒட்டிய வீடு ஆர்ச்சுலெட்டாக்களுடையது. எலோய் ஆர்ச்சுலெட்டா இரும்பு ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர். எண்பதைத் தாண்டிய பிறகு ஞாபகம் தப்பத் தொடங்கியது. மகன் டாரில்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டான். வேலையும் வீட்டிலிருந்தே: காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஏதோ ஓட்டலுக்கு அறை கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வான். மகள் வெர்னா டென்வரில் இருந்தாள். அப்பாவை அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவள் கட்சி. முடியவே முடியாது என்பது இவன் கட்சி.

சார்லீனும் டாரிலும் பேசிக்கொள்வதில்லை. முந்தைய இலையுதிர் காலத்தில் பெரியவர் இரவு உடுப்போடு தெருமுனை வரை நடந்து போய்விட, சார்லீன்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அதோடு விட்டிருக்கலாம். "டாரில், உங்கப்பா ரோட்டுக்குப் போனதுகூடத் தெரியாம உள்ள என்னடா பண்ணிட்டிருக்க?" என்று வாசலில் நின்று கேட்டார். அவர் கேட்டால் எப்படிக் கேட்கும் என்றுதான் சொன்னேனே. தெருவே வெளியே வந்து பார்த்தது. டாரில் முகம் சிவந்துபோய், "உங்க வேலையப் பாருங்க, சார்லீன்" என்று கதவைச் சாத்தினான். அதன்பிறகு சந்தில் எதிரெதிரே வந்தாலும் இருவரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்த நிலையில்தான் ஜூலை மாதத்து ஒரு மதியம் வந்தது. வெயில் நூறு டிகிரிக்கு மேல். நாய்கூட நிழலை விட்டு எழவில்லை. குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துவரப் போன சார்லீன், டாரிலின் வீட்டு முன்னால் நின்ற காரின் பின் இருக்கையில் ஒரு வைக்கோல் தொப்பியைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்ததாக நினைத்து நகரப் போனார். தொப்பி சாய்ந்தது. அதற்குக் கீழே எலோயின் முகம் இருந்தது.

நடந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. டாரில் கடையிலிருந்து சாமான் வாங்கி வந்து பைகளை உள்ளே எடுத்துப்போன நேரத்தில், கூடவே இறங்கியிருந்த பெரியவர் திரும்ப வந்து காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். டாரில் வாசலில் நின்றே சாவியின் பொத்தானை அமுக்கிக் காரைப் பூட்டினான். பின்கதவில் குழந்தைகளுக்கான பூட்டைப் போட்டு வைத்திருந்தான், ஒருமுறை ஓடும் வண்டியில் அப்பா கதவைத் திறந்துவிட்டதால். உள்ளேயிருந்து திறக்க வழியில்லை. அப்பா அறையில் படுத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தால் ஆள் இல்லை. மறுபடி நடந்து போய்விட்டார் என்று பதறி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பின்சந்து வழியாகத் தேடி ஓடிவிட்டான்.

சார்லீன் கார்க் கதவுகளை இழுத்துப் பார்த்தார். டாரிலின் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் என் வீட்டுக்குள் இருந்து எழுந்து வந்தது அந்தச் சத்தத்துக்குத்தான். டாரில் வரவில்லை. பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்தார், ஆனால் கை தூக்கவில்லை. அவர் முகத்தில் வேர்வையே இல்லை. அதுதான் தன்னைப் பயமுறுத்தியது என்று சார்லீன் பிறகு சொன்னார்.

வீட்டுக்குள் ஓடி ஒரு சுத்தியலோடு வந்தார். பேருந்துகளில் ஆபத்து நேரத்தில் கண்ணாடியை உடைக்க மாட்டி வைத்திருப்பார்களே, கூர்முனையுள்ள சின்னச் சுத்தியல், அது. ஓய்வு பெற்ற அன்று பணிமனைக்காரர்கள் வேடிக்கையாக ரிப்பன் கட்டிக் கொடுத்தது. இங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம்; பெரியவர் அதற்குப் பின்னால் இருந்தார். சார்லீன் சுற்றி வந்து, அவரிடமிருந்து மிகத் தள்ளி இருக்கும் முன்பக்க வலது கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார். நடுவில் அடிக்கவில்லை, கீழ் மூலையில் ஒரே போடு. கண்ணாடி முழுக்க வெள்ளையாகி, கல்கண்டு கொட்டுவதுபோல் உள்ளே சரிந்தது. கையை விட்டுப் பூட்டுகளைத் திறந்துவிட்டு எனக்கு ஆணையிட்டார்: "ஆம்புலன்ஸக் கூப்பிடு. அப்புறம் தண்ணிக் குழாயை இழுத்துட்டு வா."

இருவரும் சேர்ந்து பெரியவரை இறக்கி மர நிழலில் புல்மேல் படுக்க வைத்தோம். கழுத்திலும் கக்கத்திலும் ஈரத்துணி வைத்தார் சார்லீன். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவர் தெளிந்தார். யாருடைய முகம் என்று அடையாளம் கண்டுகொண்டார் போலிருக்கிறது.

"இன்னைக்கு உன் பஸ்ஸுல ரொம்பச் சூடு, மிஹா" என்றார். பழைய ஆட்கள் மகளே என்பதற்குச் சொல்கிற சொல் அது.

"தெரியும் எலோய். புகார் எழுதிப் போட்டிருக்கேன்."

டாரில் வந்தபோது ஆம்புலன்ஸும் வந்திருந்தது. மூச்சிரைக்க ஓடி வந்தவன் முதலில் பார்த்தது உடைந்த கண்ணாடியைத்தான். அப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. "என் காரை உடைச்சுட்டீங்களா? ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேன்ல?"

சார்லீன் குரல் கொடுக்கவில்லை என்று இதுவரை யாரும் அவரைக் குற்றம் சாட்டியதில்லை. அவர் புல்மேல் கிடந்தவரைக் கையால் காட்டினார். டாரில் பார்த்தான். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன், ஆம்புலன்ஸ்காரர்கள் நகரச் சொல்லும்வரை எழவில்லை.

சாயங்காலமே ஆஸ்பத்திரியில் பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உடம்பில் நீர் ஏற்றினார்கள், வேறு சேதம் இல்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். மறுநாள் காலை டாரில் காரின் பக்கத்தில் நின்று கண்ணாடிக் கடைக்குப் போன் செய்துகொண்டிருந்தான். அடுத்த வாரக் கடைசிக்கு முன்னால் ஆள் அனுப்ப முடியாது என்றார்கள். மழைக்காலம் வேறு; தினமும் மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கமிருந்து இடியும் ஆலங்கட்டியும் வரும். சார்லீன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"போனை வை. நான் மாட்டித் தரேன்."

"வேண்டாம் சார்லீன். நீங்க செஞ்சதே போதும்."

"நான் உடைச்சேன், நான் மாட்டறேன். அதுவரைக்கும் பிளாஸ்டிக்கை ஒட்டி மூடு. எந்த வருஷத்து வண்டி?"

அவன் சொன்னான். அவ்வளவுதான், வேறு பேச்சில்லை. அவர் தன் பிக்கப்பை எடுத்துக்கொண்டு நகரத்துக்குக் கிழக்கே பழைய கார்களை அடுக்கி வைத்திருக்கும் யார்டுக்குப் போனார். அங்கே நாமே கருவிகளைக் கொண்டுபோய், வேண்டியதை நாமே கழற்றிக்கொண்டு வர வேண்டும். வெயிலில் கதவுகள் தொட்டால் சுடும். அதே மாடல் வண்டி ஒன்று, முன்பக்கம் நசுங்கி, கண்ணாடிகள் முழுசாக இருந்தது. கழற்றி, போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்.

சனிக்கிழமை காலை வெயில் ஏறுமுன் டாரிலின் காரைத் தன் கராஜ் நிழலுக்குள் கொண்டுவரச் சொன்னார். உதவிக்கு என்று அவன் நின்றானே தவிர, முகத்தைப் பார்க்கவில்லை. எலோய் ஒரு மடக்கு நாற்காலியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்தார். நானும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான், ஒப்புக்கொள்கிறேன்.

கையுறை மாட்டிக்கொண்டு முதலில் இருக்கைகளிலும் தரையிலும் சிதறிய துண்டுகளை வேக்குவம் வைத்து எடுத்தார். பிறகு கதவின் உள்பக்க அட்டையைக் கழற்ற வேண்டும். அதன் திருகுகள் கண்ணில் படாது. கைப்பிடிக் குழிக்குள் ஒரு சின்ன மூடி, அதற்கடியில் ஒன்று. கதவு திறக்கும் நெம்புகோலுக்குப் பின்னால் இன்னொன்று. அவற்றை எடுத்ததும், ஓரங்களில் ஒரு பிளாஸ்டிக் பட்டையை விட்டு நெம்பி இழுத்தார். கிளிப்புகள் ஒவ்வொன்றாய்ப் பட் பட்டென்று விட்டன. ஒவ்வொரு சத்தத்துக்கும் டாரில் தோளைக் குறுக்கினான்.

"உடையல. அது அப்படித்தான் சத்தம் போடும்" என்றார் சார்லீன்.

"உங்க மாதிரின்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுவிட்டான். சார்லீன் திரும்பிப் பார்த்து, "பரவால்ல, வாய் திறந்துருச்சு" என்று வேலையைத் தொடர்ந்தார்.

ஒயர்களைப் பிரித்து, அட்டையைத் தூக்கி வைத்து, உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் பாதி உரித்தார். கதவின் அடிவயிற்றில் இரண்டு கை அள்ளும் அளவுக்குக் கண்ணாடித் தூள் கிடந்தது. அதை எடுக்காமல் விட்டால் கதவைச் சாத்தும்போதெல்லாம் கிலுகிலுக்கும் என்று கடைசித் துண்டு வரை உறிஞ்சினார். கண்ணாடியைப் பிடித்து ஏற்றி இறக்கும் கவ்விகளில் உடைந்த விளிம்பு இன்னும் மாட்டியிருந்தது. அதையும் தளர்த்தி எடுத்துவிட்டு, போர்வையைப் பிரித்துப் புதுக் கண்ணாடியை எடுத்தார். முன்மூக்கைச் சாய்த்து, மேலிருந்து பிளவுக்குள் விட்டார். இறங்கியது. ஆனால் கவ்விக்குள் உட்காரவில்லை. தூக்கினார், சாய்த்தார், மறுபடி விட்டார்.

"கொஞ்சம் வெளிப்பக்கமா வளையுது" என்றான் டாரில்.

"வளையாது. நீ பிடி."

"சார்லீன், வெளியதான் வளையுது. கவிழ்த்து வச்ச மாதிரி இருக்கு."

சார்லீன் கண்ணாடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். யார்டில் அந்த வண்டியின் முன்னால், அதைப் பார்த்து நின்றபடி தன் வலதுகைப் பக்கத்துக் கதவிலிருந்து கழற்றியிருக்கிறார். அது வண்டியின் இடப்பக்கம், ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி.

டாரில் வாயைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. "முப்பது வருஷம் பஸ் ஓட்டினீங்க. வலது இடதுல திரும்பினீங்களா, இல்ல நேராவே போனீங்களா?"

"சிரி, சிரி. பிக்கப் சாவி அங்க இருக்கு. உனக்குத்தான் இடது வலது தெரியுமே, நீயும் வா."

எலோயையும் என்னையும் விட்டுவிட்டு இருவரும் யார்டுக்குப் போனார்கள். எட்டு மாதம் பேசாதவர்கள் ஒரே வண்டியில் போவதைப் பார்க்கும்போது, உள்ளே என்ன பேசுவார்கள் என்று எனக்கு ஆவலாக இருந்தது. வந்ததும் கேட்டேன். எங்கள் ஊருக்குப் பேர்போன பச்சை மிளகாயை எந்தப் பண்ணையில் நன்றாக வறுக்கிறார்கள் என்று சண்டை போட்டார்களாம்.

சரியான கண்ணாடி இறங்கும்போதே தெரிந்தது. இரண்டு பக்கத்து ரப்பர் தடத்துக்குள்ளும் ஒரே நேரத்தில் ஓரம் பிடித்துக்கொண்டது. டாரில் மேலே பிடிக்க, சார்லீன் கவ்வியின் போல்ட்டுகளைக் கையால் திருகி நிறுத்தினார். அவர் குனிந்திருந்த அந்த நேரத்தில், முகம் தெரியாது என்பதாலோ என்னவோ, டாரில் பேசினான்.

"வெர்னாகிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அவளுக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே அப்பாவைக் கூட்டிட்டுப் போயிடுவா."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன்."

"அவளே கேட்டா?"

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"ஒரு பொய் தானே சார்லீன்."

அவர் நிமிர்ந்தார். முதல்முறையாக அவர் குரல் தணிந்து கேட்டேன். "டாரில், நீ கெட்டவன் இல்ல. தூங்காதவன். பகல் முழுக்க யாருக்கோ ரூம் பிடிச்சுத் தர. ராத்திரி உங்கப்பா எந்திரிச்சா நீயும் எந்திரிக்கிற. லைட் எரியறது என் ஜன்னலுக்குத் தெரியும். இன்னொரு கண்ணாடிய உடைக்கற வேலைய எனக்குக் குடுக்காத."

அவன் கண்ணாடியை விட்டுவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். சார்லீன் என்னைக் கூப்பிட்டு அவன் பிடித்த இடத்தைப் பிடிக்கச் சொன்னார். போல்ட்டுகளை இறுக்கி முடிக்காமல், முதலில் சுவிட்சை ஒயரில் சேர்த்து, கண்ணாடியை விரல் அகலம் விரல் அகலமாக மேலே ஏற்றிப் பார்த்தார். மேல் ரப்பருக்குள் பின்பக்கம் ஒரு நூல் விலகி நின்றது. இறக்கி, தட்டி, மறுபடி ஏற்றினார். பிடிவாதக்காரி. நூல் அளவு இடைவெளியையும் விடவில்லை.

கதவு திறந்தது. டாரில் போனைக் கையில் ஏந்தியபடி வந்தான். ஸ்பீக்கரில் வெர்னாவின் குரல் கேட்டது. "ஹலோ? டாரில்? என்ன ஆச்சு, ஏன் பேசாம மூச்சு மட்டும் விடற?"

அவன் சொன்னான். கார், வெயில், பூட்டு, பின்சந்தில் தேடி ஓடியது, எல்லாம். ஒன்றையும் தன் பக்கம் சாய்த்துச் சொல்லவில்லை.

"கண்ணாடிய உடைச்ச அம்மா அங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் வெர்னா.

"இருக்கேன்" என்றார் சார்லீன். போன் இல்லாமலேயே டென்வருக்குக் கேட்டிருக்கும்.

"போன வருஷம் அப்பா தெருவுக்குப் போனாராமே. இவன் இப்பத்தான் சொல்றான். அப்பவே எனக்கு ஏன் நீங்க சொல்லல?"

"உன் நம்பர் என்கிட்ட இல்ல. இப்பச் சொல்லு, எழுதிக்கறேன்."

வெர்னா நாளைக் காலையிலேயே வருவதாகச் சொன்னாள். டாரில் கராஜ் படியில் உட்கார்ந்தான். சார்லீன் அவனை ஆறுதல் படுத்தவில்லை. "அட்டையைப் பிடி, கிளிப்பு எல்லாம் நேரா இருக்கணும்" என்றார். எழுந்து பிடித்தான். உள்ளங்கையால் தட்டித் தட்டி அட்டையை உட்கார வைத்தார்கள். தண்ணீர்க் குழாயைக் கண்ணாடிமேல் நேராகப் பீய்ச்சி, டாரிலை உள்ளே உட்கார வைத்து, "ஒழுகுதா?" என்று கேட்டார். ஒரு சொட்டு இல்லை. மூன்று மணிக்கு வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்டியபோது நாங்கள் நால்வரும் கராஜுக்குள் நாற்காலி போட்டு, சார்லீன் செய்துவைத்திருந்த வால்நட் ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மறுநாள் வெர்னா வந்தாள். ஆர்ச்சுலெட்டா வீட்டில் சண்டை நடந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் சாயங்காலம் அவள் சார்லீன் வீட்டுக் கதவைத் தட்டி, வாரநாட்களில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கேட்டாள். சார்லீன் தான் பார்த்ததைச் சொன்னார்: மகன் சோம்பேறி இல்லை, அவன் ஒற்றை ஆள். திங்கட்கிழமை டாக்டரிடம் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். முதியோர் இல்லப் பேச்சு அப்போதைக்கு நின்றது. வாரத்தில் மூன்று நாள் பெரியவர் தேவாலயத்துக்குப் பக்கத்தில் நடக்கும் பகல்நேர மையத்துக்குப் போவது என்றும், மாதத்தில் ஒரு வாரம் வெர்னா வந்து தங்க, டாரில் தூங்குவது என்றும் முடிவாயிற்று. வெர்னா வரும் முதல் இரண்டு நாட்கள் அவன் வெளியிலேயே தென்படுவதில்லை.

புதன்கிழமைகளில் பெரியவரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சார்லீன் சொன்னார். யாரும் கேட்கவில்லை, அவராகவே அறிவித்தார். அதிகாலையில், வெயில் வருமுன், பிக்கப்பில் தூண்டில்களைப் போட்டுக்கொண்டு இருவரும் நீர்த்தேக்கத்துக்குப் போவார்கள். எலோய்க்குத் தன் மகளின் பெயர் சில நாள் வராது. தூண்டில் நரம்பில் முடிச்சுப் போடுவது மட்டும் விரலை விட்டுப் போகவில்லை. சார்லீனுக்கோ மீன் அருகிலேயே வராது. "நீங்க பேசறதுலயே அது மறுகரைக்குப் போயிருக்கும்" என்று டாரில் சொல்வான். போன புதன் பெரியவர் முழங்கை நீளத்துக்கு ஒன்றைப் பிடித்துவந்து, எங்கள் எல்லாருக்கும் பொரித்துப் போடச் சொன்னார். சார்லீன் பிடித்தது ஒரு பழைய செருப்பு. அதையும் தூக்கிக் காட்டி, தெருவுக்கே கேட்கும்படி, இதன் ஜோடியை அடுத்த வாரம் பிடித்துவிடுவேன் என்றார்.